நாலரை ஸ்டார்

“அந்த போன் எனக்கு வேணும்” என்றேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். மேஜையின் நடுவில் ஓர்வின் அல்ட்ராவின் கறுப்புப் பெட்டி, சாமிக்கு முன்னால் வைத்த தாம்பாளம் போல இருந்தது. விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். யாரோ பிஸ்கட் மென்றுகொண்டிருந்த சத்தமும் நின்றுபோனது.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே தெலுங்கு டெஸ்க் உஷா எனக்குச் சொல்லிவைத்திருந்தாள். “லீவு கேளு. ஏசியைக் குறைக்கச் சொல்லு. இன்க்ரிமென்ட் கேட்டாக்கூட சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. போனை மட்டும் எப்பவும் கேக்காத.”

எங்கள் இணையதளத்தின் வேலை, புதிதாக வருகிற போன்களை வாங்கலாமா வேண்டாமா என்று ஜனங்களுக்குச் சொல்வது. போன் வந்ததும் ரக்ஷிதாவிடம் போகும். அவள் வைத்துப் பார்ப்பாள், இங்கிலீஷில் எழுதுவாள், ஸ்டார் போடுவாள். அதைத் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் நாங்கள் மாற்றி எழுதுவோம். ‘நாங்கள் இந்த போனைப் பத்து நாள் பயன்படுத்திப் பார்த்தோம்’ என்பது நிரந்தரமான முதல் வரி. அதை எழுதி எழுதி என் விரலே அதைத் தானாக அடிக்கும். ஒரு போனையும் நான் தொட்டதில்லை. ‘கையில் வெண்ணெய் போல வழுக்குகிறது’ என்று போன மாதம் ஒன்றைப் பற்றி எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழுக்கல் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு பாத்ரூம்.

“எதுக்கு தர்ஷினி?” என்றார் அருண்குமார். எங்கள் எடிட்டர். டெல்லியில் வளர்ந்த தமிழர். பேசுவார், படிக்க வராது. “ரக்ஷிதாவோட காப்பி ரெடியா இருக்கே. நாலரை ஸ்டார். நீ ஜஸ்ட் தமிழ்ல போடணும், அவ்வளவுதான்.”

“பத்து நாள் பயன்படுத்தினோம்னு எழுதறேன் சார். ஒரு நாளாவது தொட்டுப் பாக்கறேன்.”

“அது டீமைச் சொல்றது.”

“நானும் டீம்தானே?”

அருண்குமார் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். ரக்ஷிதாதான் காப்பாற்றினாள். அவளுக்குக் கூர்க் போகிற அவசரம். “லைஃப்ஸ்டைல் போட்டோ ரெண்டு பாக்கி இருக்கு. போட்டோகிராஃபர் லீவு. தர்ஷினியே வீட்டுல எடுக்கட்டுமே. ஒரு செடி, ஒரு காபி கப், ஜன்னல் வெளிச்சம். திங்கக்கிழமை காலைல குடுத்தா போதும்.”

“வெளியில கொண்டுபோகக் கூடாது. ஸ்கிராட்ச் விழக் கூடாது” என்றார் அருண்குமார்.

“எங்க வீட்டுல செடி இல்ல. டம்ளர் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

வழக்கமாக எனக்கு இந்த ரோஷம் வராது. தமிழில் மாற்றி எழுதினால் சம்பளம், வாயைத் திறக்காவிட்டால் ஏசி குளிர் என்று ஆறு மாதமாக ஒழுங்காக இருந்தேன். அடுத்த வாரம் வேலை நிரந்தரம் ஆக வேண்டியது. இந்தமுறை விஷயம் வேறு. இந்த போனை வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் என் அண்ணன் தினேஷ்.

தினேஷ் டெலிவரி ஓட்டுகிறான். வண்டி சொந்தமில்லை, தினவாடகை. மழை பெய்தாலும் ஆர்டர் வராவிட்டாலும் வாடகை நிற்காது. சொந்தமாக ஒரு வண்டி எடுக்கத்தான் அம்மா இரண்டு வருஷமாகச் சீட்டு கட்டினாள். சீட்டு எடுத்த வாரமே இவனுக்குப் புத்தி திரும்பிவிட்டது.

“வண்டி எப்ப வேணா எடுக்கலாம். போன்தான்டி என் ஆபீஸ்” என்றான். “என் போன் மேப்ல தொங்குது, ஆர்டர் வரும்போது தொங்குது. ஒரே ஒரு தடவை டாப் மாடல் எடுத்துட்டா அஞ்சு வருஷம் பேஜாரே இல்ல. என்கூடப் படிச்ச ஹரிஷ் எடுத்திருக்கான். ஸக்கத்தா இருக்கு, செம.”

“ஹரிஷ் பேங்க்ல உக்காந்திருக்கான்டா.”

“அதனால?”

“அது உனக்குச் சரிப்படாது. நான் சொல்றேன்.”

“நீ சொல்றத யாரு கேட்டா? நீ வாங்கின பக்கெட்டே ஓட்டை. உன் சைட்ல என்ன போடறாங்களோ பாத்துட்டு முடிவு பண்றேன். நாலு ஸ்டாருக்குக் கீழ போட்டா விட்டுடறேன்.”

“சைட்ல எழுதறதே நான்தான், லூசு.”

“வீட்ல பேசறது வேற. ஆபீஸ்ல எழுதறது ஆபீஸ்.”

இவனை என்ன செய்வது. அச்சில் வந்தால்தான் நம்புவான், அதுவும் தமிழில் வந்தால் படிக்கத் தெரியாது. பையன் என்பதால் அவனைக் கடன் வாங்கி இங்கிலீஷ் கான்வென்டில் போட்டார்கள். பெண் என்பதால் என்னைப் பக்கத்திலிருந்த கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் தள்ளினார்கள், அங்கே ஃபீஸ் இல்லை, மத்தியானச் சாப்பாடு உண்டு. அவன் பத்தாவதோடு நின்றான். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி நான். அவனுக்குக் கன்னடம் படிக்க வரும், இங்கிலீஷைத் தட்டுத்தடுமாறிக் கூட்டிப் படிப்பான். ‘அ’ எழுதச் சொன்னால் கோலம் போடுவான்.

சனிக்கிழமை மத்தியானம் அவனுக்கு அத்திபெலேவுக்கு ஒரு பார்சல் வந்தது. ஜானகி என்ற அம்மாவுக்கு ஒரு மிக்ஸி ஜார். அவன் சிம்மை அல்ட்ராவில் போட்டு, ஆப்பை ஏற்றி, ஹேண்டில்பாரில் இருந்த ஸ்டாண்டில் மாட்டினேன். சிம் இல்லாத பழைய போன் அவன் சட்டைப்பையில் இருந்தது, என் போன் வீட்டில் சார்ஜில். ஜாரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

“அருண்குமார் பாத்தா நெஞ்சு வெடிச்சிடும்” என்றேன்.

“செடி பக்கத்துல வச்சு எடுக்கச் சொன்னாங்கல்ல. லால்பாக் வழியா போறேன்” என்றான்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரம் அந்தத் திரை அற்புதமாக இருந்தது. ரிச்மண்ட் சர்க்கிள் வெயிலில் மேப் பளிச்சென்று தெரிந்தது. நாட்டிலேயே அதிக வெளிச்சமான திரை என்று ரக்ஷிதா எழுதியிருந்தது பொய்யில்லை. சிக்னலில் ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்த ஆள் தினேஷைப் பார்த்து, “ப்ரோ, அது அல்ட்ராவா? எப்படி இருக்கு?” என்றான். தினேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, “குட், ப்ரோ. வெரி குட்” என்றான். கார் ஆட்கள் அவனிடம் வழக்கமாகப் பேசுவது ‘ஏய், ஓரமா போ’ என்கிற அளவில்தான். அப்புறம் சில்க் போர்டு வரை அவன் முதுகு வளையவே இல்லை.

பொம்மனஹள்ளியில் திரை மங்கியது. முதலில் மேகம் வந்துவிட்டதோ என்று மேலே பார்த்தேன். மேலே சூரியன் கொளுத்திக்கொண்டிருந்தது. போன் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுமாம், பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதாவது வெயிலுக்காகச் செய்த வெளிச்சம், வெயில் அடித்தால் வராது. சந்தாபுரா தாண்டியதும் மேப்பே போனது. ‘போன் சூடாக இருக்கிறது, ஆறவிடவும்’ என்று இங்கிலீஷில் மரியாதையாக ஒரு வரி. அதற்குப் பிறகு கறுப்பு.

“எங்கடி திரும்பணும்?”

“தெரியல. உன் ஆபீஸ் லீவு விட்டுடுச்சு.”

“ஊதிப் பாரு.”

ஓடுகிற வண்டியில் எட்டி ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை ஊதினேன். துப்பட்டாவால் விசிறினேன். இதற்குள் அத்திபெலே திருப்பம் போய்விட்டது. தமிழ்நாடு அன்புடன் வரவேற்கும் பலகையைப் பார்த்த பிறகுதான் வண்டியை நிறுத்தினான். ஒரு இளநீர்க்காரரின் குடைக்குள் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அரைகுறையாக உயிர் வந்ததும் முதல் வேலையாக அது அடித்தது. ஜானகி அம்மா.

“அம்மா, ஹொசூர் கிட்ட இருக்கேன், இதோ வந்துடறேன்.”

“ஹொசூரா? நான் தமிழ்நாட்டுக்கா ஆர்டர் போட்டேன்? இங்க தேங்காயைத் திருவி வச்சுட்டு உக்காந்திருக்கேன்.”

போய்க் கொடுத்தோம். வாசலிலேயே நின்று, எங்கள் கண் முன்னால் போனை எடுத்து, தினேஷுக்கு ஒரு ஸ்டார் போட்டார். தேங்காய் புளித்திருக்கலாம்.

திரும்பி வரும்போது சிம்மை மாற்றிப் பழைய போனை மாட்டினோம். விரிசல் விட்ட திரை, ரப்பர் பேண்ட் கட்டு. எப்போதும் ஒரே மங்கல்தான், ஆனால் வீடு வரை அணையவில்லை.

சாயங்காலம் அம்மா ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங் முடிந்து வந்ததும் டம்ளரோடு உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தேன். லைஃப்ஸ்டைல். போன் அம்மாவை என்னவோ செய்தது. கன்னத்துக் குழி போய்விட்டது, நெற்றியிலிருந்த தழும்பு போய்விட்டது, நிறம் வெளுத்து இரண்டு வீடு தள்ளிப் போய்விட்டது. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

“யாருடி இந்தப் பொம்பள, என் பொடவையைக் கட்டிட்டு இருக்கா?”

“நீதான்மா.”

“போடி. இவ ஒரு நாள் மாப் புடிச்சிருக்கமாட்டா.”

அந்த அழகு செய்வதை எங்கே அணைப்பது என்று தேடினேன். ஒரு பட்டன் இருந்தது. அணைத்தும் பாதி அழகு மிச்சம் இருந்தது.

தினேஷ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் கையில் அந்த போனும் ஒரு துண்டும். ஹொசூர் ரோட்டுத் தூசியை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தான், சின்ன வயசில் என்னைக்கூட அவன் அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை.

“இப்பவாவது புரிஞ்சுதா?”

“இது டெஸ்ட் பீஸ்டி. கடைக்கு வர்றதுல அப்டேட் இருக்கும்.”

“உனக்கு ஒரு ஸ்டார் விழுந்திருக்கு. இதாலதான் விழுந்தது.”

“தெரியும்” என்றான். துண்டின் இன்னொரு முனையால் கேமராவைத் துடைத்தான். பிறகு, “அந்தக் கார்க்காரன் என்னை ப்ரோன்னான், பாத்தல்ல?” என்றான்.

நான் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன். அவனே சொன்னான்: “உன் சைட்ல என்ன வருதோ அதான் பைனல். உங்க ஆபீஸ்ல இருக்கறவங்க எல்லாம் படிச்சவங்கதானே.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ரக்ஷிதாவின் காப்பியைத் திறக்கவே இல்லை. ‘நாங்கள் பத்து நாள் பயன்படுத்தினோம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘நான் ஒரு நாள் பயன்படுத்தினேன்’ என்று ஆரம்பித்தேன். பொம்மனஹள்ளியில் மங்கியதை எழுதினேன், சந்தாபுராவில் செத்ததை எழுதினேன். ‘உங்கள் வேலை நிழலில் என்றால் இதை வாங்கலாம், காசு உங்களுடையது. வெயிலில் என்றால் இது கடையிலேயே இருக்கட்டும். ஹேண்டில்பாரில் மாட்டி ஓட்டினால் அதிர்வில் கேமராவும் கெட்டுப்போகும் என்று அவர்களுடைய புத்தகமே கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் சொல்கிறது. உங்கள் அம்மாவை இது உங்கள் அம்மாவாகக் காட்டாது’ என்று முடித்தேன்.

ஸ்டாரை மாற்ற முடியவில்லை. ஸ்டார் இங்கிலீஷ் பக்கத்திலிருந்து தானாக வந்து உட்காரும். தமிழ் டெஸ்கில் அந்தக் கட்டத்தைத் தொட்டால் பூட்டுப் படம் வரும். நாலரை. பரவாயில்லை என்று நினைத்தேன். படிக்கிறவர்களுக்குப் புரியும்.

திங்கட்கிழமை காலை அருண்குமார் என் கட்டுரையைச் சரிபார்த்தார். எங்கள் ஆபீஸில் தமிழைச் சரிபார்ப்பது இப்படித்தான்: விரலால் மேலிருந்து கீழே தள்ளுவார், ஸ்டார் இருக்கிறதா, படம் நேராக இருக்கிறதா, வாங்குவதற்கான பட்டன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். அம்மாவின் படத்தில் விரல் நின்றது.

“நைஸ். மாடலா?”

“ஆமா சார்.”

“சூப்பர். பப்ளிஷ்.”

பதினோரு மணிக்கு வெளியானது. மத்தியானத்துக்குள் எந்தத் தமிழ்க் கட்டுரைக்கும் வராத கூட்டம் வந்தது. ‘கடைசியில் ஒரு ஆள் வெயிலில் போய்ப் பார்த்திருக்கிறார்’ என்று ஒருவர். ‘எழுதினவர் ஒருத்தர், ஸ்டார் போட்டவர் அவருடைய எதிரியா?’ என்று இன்னொருவர். உஷா தெலுங்கு டெஸ்கிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன எழுதித் தொலைச்ச?” என்றாள். அவளுக்கும் தமிழ் படிக்க வராது. சொன்னேன். சிரித்தாள், உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு எடிட்டரின் கண்ணாடி அறையைப் பார்த்தாள். எனக்குத் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது.

அப்போது தினேஷிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் கடைச் சத்தம், ஏசி சத்தம்.

“ஏய் தர்ஷு, ஃபிராடு. வீட்ல அந்தக் கரி கரிச்சுட்டு, ஆபீஸ்ல நாலரை ஸ்டார் போட்டிருக்க. அம்மா போட்டோ வேற. தமிழ்ல என்னென்னமோ புகழ்ந்து தள்ளியிருப்ப, எனக்குத் தெரியும். கடைக்காரர் கிட்டயே காட்டினேன், எங்க தங்கச்சி எழுதினதுன்னு. அவரும் ஸ்டாரைப் பாத்துட்டு, வேற என்ன வேணும்னுட்டார். ஆஸ்டின் டவுன்லதான் இருக்கேன். பழசை எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கறேன், ரொம்ப கம்மிதான் தராங்க, போகட்டும். சாயங்காலம் ஸ்வீட்டோட வர்றேன்.”

கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். திரும்பக் கூப்பிட்டேன். எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தால் முதலில் எல்லாவற்றையும் அழித்து அணைத்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்கள். ஊரில் இருக்கிற எல்லோருக்கும் எழுதினேன், வீட்டில் இருக்கிற ஒருத்தனுக்குத் தமிழ் படிக்க வராது என்பதை மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் நான் எழுதுகிற எதையும் யாரும் படித்ததில்லை என்பதால் அது நினைவிலேயே இல்லை.

கடையில் எக்ஸ்சேஞ்ச் மதிப்பு, பில், வாரண்டி, மேலே ஒரு கவர் என்று இழுப்பார்கள். பெட்டியின் சீல் கிழியாத வரை திருப்பித் தரலாம், அதற்குள் குறைந்த ஸ்டாரை அவன் கண்ணில் காட்ட வேண்டும்.

கண்ணாடி அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். அருண்குமார் ஏற்கெனவே என்னைக் கூப்பிட எழுந்துகொண்டிருந்தார். லேப்டாப்பில் என் கட்டுரை இங்கிலீஷாக மாறி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ மொழிபெயர்த்து போன் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூர்க்கிலிருந்து ரக்ஷிதா ஸ்பீக்கரில் இருந்தாள்.

“இது கடையிலேயே இருக்கட்டும்னு எழுதியிருக்கியா?” என்றார்.

“ஆமா சார். அந்த ஸ்டாரைக் குறைங்க. இப்பவே.”

“வாட்?”

“நாலுக்குக் கீழ போடுங்க. மூணு போடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.”

“தர்ஷினி, நான் உன்னைத் திட்டக் கூப்பிட்டேன். நீ எனக்கு ஆர்டர் போடறியா?”

ஸ்பீக்கரில் ரக்ஷிதாவின் குரல் தணிந்து வந்தது. “அருண், ஹீட்டிங் பத்தி அவ சொல்றது... நான் வெளியில டெஸ்ட் பண்ணல. கேஃபேல பண்ணேன்.”

“எந்தப் பக்கத்துல சார் உக்காந்தீங்க மேடம், ஏசி பக்கமா?” என்று கேட்டேன். கோபத்தில் சார் மேடம் இரண்டும் சேர்ந்து வந்தது.

அருண்குமார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “லுக். டெலிவரி பாய்ஸ் இந்த போனை வாங்கமாட்டாங்க. அவங்க நம்ம ஆடியன்ஸே இல்ல.”

“ஒருத்தன் இப்ப ஆஸ்டின் டவுன்ல வாங்கிட்டிருக்கான். என் அண்ணன். வண்டிக்கு வச்ச சீட்டுக் காசு.”

“அப்ப அவன்கிட்ட போன் பண்ணி வேணாம்னு சொல்லு.”

“அவன் போனைத்தான் அவங்க வாங்கி அணைச்சு வச்சிருக்காங்க.”

ஒரு நிமிஷம் அவர் முகத்தில் மனுஷன் வந்து போனான். பிறகு எடிட்டர் வந்தார். “ஸாரி. ஸ்டாரைத் தொட முடியாது. இங்கிலீஷ் ரேட்டிங்தான் எல்லா லாங்வேஜுக்கும். நீ மூணு மணிக்குள்ள ரக்ஷிதா காப்பியைத் தமிழ்ல போட்டுடு. நான் இதை இங்கயே மறந்துடறேன். இந்த வாரம் உன் கன்ஃபர்மேஷன் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ.”

“போட்டா, என் பேரை எடுத்துடுவீங்களா?”

“எதுக்கு? பேர் இருக்கணும். தமிழ்ப் பேர் இருந்தாதானே தமிழ் ரீடர்ஸ் நம்புவாங்க.”

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், கிண்டலாகக்கூட இல்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்துவதற்கு நேரம் இல்லை. ஆஸ்டின் டவுனுக்கு அந்த நேரத்தில் ஆட்டோ கிடைப்பதே பெரிய விஷயம். பையிலிருந்து அல்ட்ராவை எடுத்து மேஜையில் வைத்தேன். ஸ்பீக்கர் ஓட்டையில் கொஞ்சம் ஹொசூர் ரோடு இருந்தது. கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டேன்.

“நீங்களே ஒரு நாள் வெயில்ல எடுத்துட்டுப் போய்ப் பாருங்க சார். செடி பக்கத்துல.”

“தர்ஷினி, ஸிட். டோன்ட் பி சில்லி.”

நான் உட்காரவில்லை. உஷா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள், கையை லேசாக அசைத்தாள். போ என்றா, இரு என்றா என்று நின்று பார்க்கவில்லை.

வாசல் கண்ணாடிக் கதவு கார்டு காட்டினால்தான் திறக்கும், வெளியே போவதற்கும். இவ்வளவு வீராவேசமாக வந்து கதவு முன்னால் மாடு மாதிரி நின்றேன். செக்யூரிட்டி அண்ணன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே எழுந்து வந்தார்.

“கார்ட் எல்லி, எங்க மேடம்? மறந்துட்டீங்களா?”

“மறக்கல.”

“உள்ள இருந்தா எடுத்துட்டு வாங்க. ரூல்ஸ்.”

“வேணாம்ணா. நீங்க திறங்க. அவசரம்.”

என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். பின்னால் கண்ணாடி அறையில் நின்றுகொண்டிருந்த அருண்குமாரைப் பார்த்தார். தன் கார்டைக் கதவில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.